வலமா, இடமா? மாமா பதில்கள்

‘பட்ஜெட் பக்தர்’, நெல்லிக்குப்பம்: மாமா, குறைந்த செலவில் முக்திக்கு வழி உண்டா?

திருவாரூரில் பிறக்க முக்தி: அந்த பஸ் போயே போச்சு. காசியில் இறக்க முக்தி: அவசரமில்லை. அண்ணாமலையை நினைக்க முக்தி: நினைக்க உட்கார்ந்தால் கரண்ட் பில்தான் ஞாபகம் வரும். மிச்சம், தில்லையைப் பார்க்க முக்தி. உமக்குக் கூப்பிடு தூரம். ஹஜ்ஜில் இன்னும் தெளிவு: உடம்பிலும் கையிலும் தெம்பு இருந்தால் வாழ்நாளில் ஒருமுறை கடமை, இல்லாதவனுக்கு விலக்கு. நாம்தான் வட்டிக்கு வாங்கியாவது ராமேஸ்வரம் போகிற ஜாதி.

‘சமரசம்’, விருத்தாசலம்: எல்லா மதமும் ஒன்றுதானே மாமா?

அப்படிச் சொல்கிறவர் ஒன்றையும் ஒழுங்காகப் படித்திருக்க மாட்டார்.

‘திரை விலக்கி’, சிதம்பரம்: ரகசியம் என்று திரையை விலக்கிக் காட்டுகிறார்கள். பொன் வில்வ மாலை தவிர ஒன்றும் தெரியவில்லையே?

தெரியாததுதானய்யா தரிசனம்! அங்கே சாமியே ஆகாயம், ஆகாயத்துக்கு மூக்கும் முழியுமா வைப்பார்கள்? கி.மு. 63-ல் ரோமானியத் தளபதி பாம்பே, ஜெருசலேம் யூதர் கோயிலின் கருவறைக்குள் அத்துமீறி நுழைந்தான். உள்ளே சிலை கிலை எதுவும் இல்லை, ஏமாந்து போனான். மெக்காவில் காபாவுக்குள்ளும் மூன்று தூண்கள், தொங்கும் விளக்குகள், அவ்வளவுதான். காலியிடத்தைக் கும்பிட மூன்று மதத்துக்கும் பக்குவம் இருந்திருக்கிறது. காலியிடத்தைக் கண்டால் பட்டா போடத் துடிப்பது நம் காலத்துப் பக்தி.

‘கிறுகிறுப்பு’, புவனகிரி: நாம் கோயிலை வலம் வருகிறோம், காபாவை இடமாகச் சுற்றுகிறார்கள். எது சரி?

காபாவை ஏழு சுற்று, கடிகார முள்ளுக்கு எதிராக. நாமும் பௌத்தரும் முள்ளோடு. கயிலை மலையில் இரண்டும் உண்டு: இந்துவும் பௌத்தனும் வலமாகப் போவான், திபெத்தின் பழைய போன் மதத்தவன் இடமாக வருவான். அதில் ஒரு சௌகரியம் பாரும். எதிர்த் திசையில் வருகிறவன் முகத்தைப் பார்க்கலாம். கூடவே போகிறவனிடம் முதுகைத்தான் பார்க்க முடியும்.

‘சுருட்டை முடி’, பண்ருட்டி: சாமிக்கும் முடிக்கும் என்ன சம்பந்தம்?

ஹஜ் முடித்தவர் மழிக்கிறார். திருப்பதியிலும் மழிக்கிறார்கள், வேளாங்கண்ணியிலும் மழிக்கிறார்கள். பிக்குவுக்கு மழித்தே தீர வேண்டும். சமண முனிவருக்குக் கத்தியும் ஆகாது, கையாலேயே பிடுங்க வேண்டும். சீக்கியர் தொடவே மாட்டார். நம் தீட்சிதர்கள் குடுமியை முன்பக்கமாக முடிகிறார்கள். ஆயிரம் அபிப்பிராய பேதம் இருக்கட்டும், பொடுகு மதச்சார்பற்றது.

‘கொலைப் பட்டினி’, நெய்வேலி: விரதத்தில் யார் முதல் மாமா?

யூதருக்கு யோம் கிப்பூர், 25 மணி நேரம் பச்சைத் தண்ணீர் கிடையாது. ரமலானில் விடியலுக்கு முன் தொடங்கி அஸ்தமனம் வரை. கிறிஸ்தவருக்கு நாற்பது நாள் தவக்காலம். ஆனால் மெடல் செஞ்சிப் பக்கம் போகிறது: திருநாதர்குன்றில் சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர் விட்டதைப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நாம் ஏகாதசிக்குக் காலையில் ரவா உப்புமா, மத்தியானம் பழம், ராத்திரி பலகாரம். பட்டினிக்கு மெனு கார்டு போட்டவர்கள். தவக்கால வெள்ளிக்கிழமையில் கறியை ஒதுக்கிவிட்டு வஞ்சிரம் தேடும் கடலூர்க் கத்தோலிக்கர் கொஞ்சம் கிட்டத்தில் வருகிறார்.

‘கட்சி மாறி’, திருப்பாதிரிப்புலியூர்: மதம் மாறுவது பாவமா?

எந்த ஊரில் நின்று கேட்கிறீர் தெரியுமா? உம்ம ஊர்தான் பழைய பாடலிபுத்திரம். கி.பி. 458-ல் ‘லோகவிபாகம்’ என்ற சமண நூல் உருவானதாகச் சொல்லும் இடம். சைவரான மருள்நீக்கியார் அங்கே போய்ச் சமணத்தில் சேர்ந்து தருமசேனர் ஆனார். சூலைநோய் வந்தது, திருவதிகையில் தமக்கை திலகவதியார் திருநீறு கொடுத்தார், திருநாவுக்கரசர் ஆனார். கல்லோடு கட்டிக் கடலில் போட்டும் மிதந்து வந்தார், கரையேறிய இடம் கரையேறவிட்டகுப்பம். அவரைப் பார்த்துப் பல்லவ மன்னனும் மாறினான். மாறியவன் சும்மா இருந்தானா? பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அந்தக் கல்லில் திருவதிகையில் குணபரவீச்சரம் கட்டினான். சமணர் கட்டிய கதை என்று நினைக்காதீர், பெரியபுராணமே சொல்கிறது. வயிற்றுவலி ஒருத்தருக்கு, இடிபட்டது அடுத்தவர் வீடு.

‘ஆராய்ச்சி மணி’, மங்கலம்பேட்டை: கோணான்குப்பத்தில் மாதாவுக்குப் புடவை கட்டியிருக்கிறார்களே, அடுக்குமா?

கட்டிவைத்த புண்ணியவான் வீரமாமுனிவர். இத்தாலிக்காரர், காவி உடுத்தி, தமிழில் தேம்பாவணி பாடியவர். மாதாவுக்கு அவர் வைத்த பெயர் பெரியநாயகி. விருத்தாசலத்து அம்மனுக்கும் அதே பெயர்தான். நாசரேத்து யூதப் பெண்ணுக்கு இத்தாலி ஓவியன் பட்டு கவுன் மாட்டினானே, அப்போது எங்கே போயிருந்தீர்?

‘வம்பு’, ஸ்ரீமுஷ்ணம்: பூவராகர் மாசிமகத்துக்குக் கிள்ளைக்குப் போகும்போது தர்காவில் மரியாதையாமே? வராகம், தர்கா... இடிக்கிறதே?

உமக்கு இடிக்கிறது, கிள்ளைக்காரருக்கு இடிக்கவில்லை. பெருமாள் வருகிறார், முஸ்லிம்கள் மாலையோடு எதிர்கொள்கிறார்கள், பாத்திஹா ஓதுகிறார்கள். பெருமாள் மாலை தர்காவுக்குப் போகிறது. பிறகு கடலில் தீர்த்தவாரி. சாமி எந்த அவதாரம் என்று ஆராய்வதற்குள் பல்லக்கு தாண்டிவிடும் ஓய்!

‘சேர்ந்தே இருப்பது’, காட்டுமன்னார்கோவில்: தில்லையில் நடராசரும் கோவிந்தராசரும் ஒரே வளாகத்தில். என்ன ஒற்றுமை!

கல்வெட்டைக் கேளும், சிரிக்கும். பெருமாளைக் கடலில் போட்டார்கள் என்பது வைணவர் வழக்கு, விஜயநகர அச்சுதராயர் மறுபடி வைத்தார் என்பது வரலாறு. 1597-ல் செஞ்சி நாயக்கர் பெருமாள் சந்நிதியை விரிக்கப் போக, எதிர்த்த சைவ அர்ச்சகர்கள் கோபுரத்திலிருந்து குதித்து உயிர் விட்டார்கள். எழுதி வைத்தவர் அந்தப் பக்கமாக வந்த பிமெண்டா என்ற சேசு சபைப் பாதிரியார். அதே காலத்தில் பிரான்சில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டும் முப்பது வருஷத்துக்கு மேலாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். குறிப்பெடுக்க அவர் இவ்வளவு தூரம் கப்பல் ஏறியிருக்க வேண்டியதில்லை.

‘நாளை பார்க்கலாம்’, பரங்கிப்பேட்டை: திருநாளைப்போவார் மாதிரி நானும் யாத்திரையைத் தள்ளிக்கொண்டே போகிறேன்.

உம்மோடது சோம்பேறித்தனம், அவரை அதில் சேர்க்காதீர். ‘நாளை’ என்றது நந்தனார் வாய், ‘இன்று வராதே’ என்றது ஊர். கடைசியில் தீக்குள் புகுந்து வரவேண்டியிருந்தது. ஆனியிலும் மார்கழியிலும் மூலவரே தேரேறி நாலு வீதிக்கும் வருகிற ஊர் தில்லை. சாமிக்கு வெளியே வரத் தெரிந்திருக்கிறது.

‘அன்னம்’, குறிஞ்சிப்பாடி: சீக்கியரின் லங்கர் அன்னதானத்தைப் புகழ்கிறார்கள். நம் பக்கம்?

பக்கத்து ஊரை எட்டிப் பார்க்கவில்லையா? வடலூரில் வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. தருமசாலையில் யார் வந்தாலும் இலை, மதம் கேட்பதில்லை. சத்திய ஞானசபை மட்டும் கொஞ்சம் கறார், புலால் விட்டவருக்கே உள்ளே இடம். தைப்பூசத்தில் ஏழு திரை விலகி ஜோதி. சாதி கேட்காத வாசல், பிரியாணி கேட்கும்.

‘உங்கள் ரசிகன்’, கடலூர் முதுநகர்: இந்தக் கேள்வி-பதில் வித்தையை யார் தொடங்கியது மாமா?

நான் இல்லை, மாணிக்கவாசகர். ஈழத்து பௌத்தர்கள் தில்லைக்கு வாதுக்கு வந்தார்கள். ஈழ அரசனின் ஊமை மகளைப் பேச வைத்து, அவர்கள் கேள்விக்கெல்லாம் அவளையே பதில் சொல்ல வைத்தார். அதுதான் திருச்சாழல் என்பார்கள். சாம்பல் பூசுவானேன், சுடலையில் ஆடுவானேன் என்று ஒருத்தி குத்துவாள், இன்னொருத்தி மடக்குவாள். வாதில் தோற்றவர்கள் வாயடைத்துப் போனார்களாம். எனக்கு அந்த சித்தி இல்லை. உம்ம மூன்றாவது கார்டு இது.

‘நாக்கு’, சிதம்பரம் மேலவீதி: பிரசாதத்தில் எந்த மதம் ஒசத்தி?

குருத்வாரா அல்வாவில் நெய் மிதக்கும். ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சையும் ஹஜ்ஜிலிருந்து வந்தால் தெருவே பங்கு போடும். சர்ச் அப்பம் நாக்கில் வைத்ததும் கரைந்துவிடும், கூட ஒன்று கேட்கவும் முடியாது. ஆனால் தில்லைக் கோயிலின் மிளகு, சீரகம் பொரிந்த சம்பா சாதம், மேலே கத்தரிக்காய் கொத்சு... இதில் மட்டும் மாமாவிடம் நடுநிலைமை எதிர்பார்க்காதீர்.