கணினிக்குக் கண்

கேள்வி: அப்பா ஏரியில் இறால் பிடிக்கிறார். நான் பிளஸ் டூ. கணினிக்குப் பார்க்கக் கற்றுத்தரும் ஆராய்ச்சியில் பேராசிரியராக ஆசை. சொன்னால் ஊரே சிரிக்கிறது. வழி உண்டா?
- வாசகி, பழவேற்காடு

பதில்: அவர்கள் சிரிக்கட்டும், நீங்கள் கணக்குப் போடுங்கள்! சித்தூர் மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்த ராஜ் ரெட்டி, 1958-ல் கிண்டி பொறியியல் கல்லூரியில் முடித்தது சிவில். பிறகு கணினிக்குப் பேச்சைக் கேட்கப் பழக்கி, 1994-ல் கணினித் துறையின் டூரிங் விருதைப் பகிர்ந்துகொண்டார். காதுக்கு அவர் என்றால் கண்ணுக்கு ராமா செல்லப்பா. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.இ. படித்தவர், முகம் அறியும் ஆய்வின் முன்னோடி.

உங்கள் வாசலிலேயே ஆய்வு காத்திருக்கிறது. ஒன்றையொன்று மறைத்து நிற்கும் பூநாரைக் கூட்டத்தை ஒரு படத்திலிருந்து எண்ணுவது இன்றும் கடினமான கணக்கு. முகத்துவாரத்தில் மணல் மூடுவதைச் செயற்கைக்கோள் படத்தில் தொடர்ந்து கண்டறிவது இன்னொன்று. கணினி கற்க, ஆயிரக்கணக்கான படங்களுக்கு யாராவது சரியான பெயர் எழுதித்தர வேண்டும். மீன் படமென்றால், ஏலத்தில் நிற்கும் உங்கள் அத்தைமாரைவிடத் தேர்ந்தவர் எந்த ஆய்வகத்தில் இருக்கிறார்?

பாதை நீளம்தான். பொறியியல், மேற்படிப்புக்கான கேட் தேர்வு, பிறகு பிஎச்.டி. ஐ.ஐ.டி.களில் ஆய்வு மாணவருக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அப்பாவிடம் இதை முதலில் சொல்லுங்கள். ஜே.இ.இ. எழுதாமலே சேர, சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழி பி.எஸ். டேட்டா சயின்ஸ் இருக்கிறது. தகுதித் தேர்வு மட்டும் தாண்ட வேண்டும். இன்றைக்குக் கணிதத்தில் அணிகளும் நிகழ்தகவும் படியுங்கள். ஆய்வுக் கட்டுரை வந்ததும் எனக்கொரு பிரதி வேண்டும்.