பார்த்த சாட்சி
குரங்கு மனிதனானதை முன்னோர் யாரும் பார்த்ததில்லை, டார்வின் சொன்னது தப்பு, பாடத்தை மாற்றுங்கள் என்றார் மத்திய இணையமைச்சராக இருந்த சத்யபால் சிங், 2018 ஜனவரியில். முன்னாள் மும்பை போலீஸ் கமிஷனர். சாட்சி கேட்பது பழக்கதோஷம். (குரங்குக்கும் நமக்கும் பாட்டன் ஒருவன் என்பதுதான் டார்வின் கட்சி. அது கிடக்கட்டும்.) 2023-இல் என்.சி.இ.ஆர்.டி.யும் பத்தாம் வகுப்பில் பரிணாமத்தைத் தூக்கிவிட்டது.

அமைச்சர் பக்கம் நின்ற தென்காசி அண்ணாச்சி ஒருவர், குற்றாலநாதர் கோயிலில் தலபுராணம் சொன்னார்: அகத்தியர் தலையில் கைவைத்து அழுத்த, திருமால் குறுகி லிங்கமானாராம். நொடியில் நடந்தால் நம்புவார். லட்சக்கணக்கான வருஷம் ஆனால்தான் சந்தேகம்.

வெளியே வந்ததும் ஒரு குரங்கு அவருடைய நேந்திரம் சிப்ஸ் பொட்டலத்தைப் பிடுங்கி, ஓரத்தைப் பல்லால் கிழித்தது.

“உரிமையா எடுக்கான் பாருங்க,” என்றார் அண்ணாச்சி. “போன ஜென்மத்துல நமக்குச் சொந்தக்காரனா இருந்திருப்பான்.”