கச்சான் காத்திட்டக் கேட்டியா, தம்பி?

பிள்ளைகளக் கூட்டிக்கொண்டு கற்பிட்டிப் பக்கம் வாறியாமே, தம்பி. நல்லது, வா. ஆனா போனில ஒரு அட்டவணை காட்டினியே, அதப் பார்த்துத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. காலையில ஆறு மணிக்கு ஓங்கல் பார்க்கிறது. எட்டரைக்குக் கடல் குளிப்பு. பத்துக்குக் கோட்டை. பதினொண்ணேகாலுக்கு ‘இயற்கையோட ஒன்றுதல்’. அதென்ன வேலை? எங்கட ஊர்ப் பதினொண்ணேகால் வெயிலுக்கு ஆடுகூட மரத்தடிக்குப் போயிடும். நீ பிள்ளையளக் கொண்டு போய் எதோட ஒன்றப் போறாய்?

எந்த மாசம் எண்டு கேட்டன். ஆகஸ்ட் எண்டாய். ஏன் எண்டு கேட்டா, பள்ளிக்கூட லீவாம். சரி, லீவு விட்டது கல்வி அமைச்சு. கச்சான் காத்திட்டக் கேட்டியா? மே மாசம் தொடங்கினா ஒக்டோபர் மட்டும் அது போடுற ஆட்டத்தில வெளிக்கடல் கொந்தளிச்சுக் கிடக்கும். ஓங்கல் காட்டுற போட்டெல்லாம் கரையில ஏத்திக் கிடக்கும். ஓங்கல் பார்க்கிற காலம் நவம்பர் தொட்டு ஏப்ரல் மட்டும். எங்கயோ ஐரோப்பாவில இருக்கிற வெள்ளைக்காரனுக்கு இது தெரியும். அந்தக் காத்துக்கெண்டே பட்டத்தையும் பலகையையும் தூக்கிக்கொண்டு வந்து களப்பில சறுக்குறான். கொழும்பில இருக்கிற உனக்குத் தெரியல்ல.

காத்துச் சொன்னபடி கேட்டவன் கெட்டும் போகல்ல. 1344இல ஊர் சுற்றிப் பார்த்த பயணி இபின் பதூதா மாலைதீவில இருந்து தமிழ்நாட்டுக் கரைக்கெண்டுதான் பாய் விரிச்சவர். காத்துக் கொண்டுவந்து புத்தளத்தில விட்டுட்டுது. மனுசன் குந்தி அழுதாரா? அங்க இருந்த அரசன் ஆரியச்சக்கரவர்த்தியப் போய்க் கண்டார், முத்துப் பார்த்தார், சிவனொளிபாத மலைக்கு வழி கேட்டார். பல்லக்குக் கிடைச்சுது. சாப்பாட்டுச் சாமான் தூக்க மட்டும் பதினைஞ்சு பேர் கிடைச்சாங்க. உன்ட சூட்கேஸுகளுக்கு அது காணாது, அது வேற கதை.

இன்னொண்டு கேக்கிறன். கூடாரத்தில படுக்கிறதுக்கு ஹோட்டல் காசு கட்டியிருக்கியாமே? உள்ள ஏசி, வெளிய தொங்கல் விளக்கு. ‘கிளாம்பிங்’ எண்டு வாய் நிறையச் சொன்னாய். தலவில அன்னம்மா கோயில் திருநாளுக்கு ஒருக்கா வந்து பார். ஆகஸ்ட் தொடக்கத்தில ஆயிரக்கணக்கான குடும்பம் சட்டி பானையோட வந்து கூடாரம் அடிச்சு, அங்கேயே ஆக்கித் திண்டு படுக்கும். கைக்குழந்தைகூட மண்ணில புரண்டு வளரும். ஆரும் அதுக்கு இங்கிலீஸ்ல பேர் வைக்கல்ல. அதே மாசத்தில உடப்புக்கு வந்தியெண்டா திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு. பதினெட்டு நாள் பாரதக் கதை நடந்து, கடைசியில பூக்குழி. உன்ட பிள்ளை ஒருதரம் பார்த்தா டெப்லட்ட மறந்திடும். நீயும் மறந்திடுவாய், அதுதான் எனக்குச் சந்தேகம்.

ஆகஸ்ட்ல கடல் பக்கம் பிள்ளையள விடாத. களப்புப் பக்கம் கொண்டு போ. ஆழமில்லாத தண்ணி. அங்கயும் ஊராள் ஒருத்தனக் கேட்டிட்டு இறக்கு. கோட்டை பார்க்கப் போனா கடற்படைக்காரரிட்ட அனுமதி கேட்டுத்தான் போகோணும். ஒல்லாந்தன் 1667இல கட்டத் தொடங்கின கோட்டை, உன்ட ஒண்ணேகால் மணித்தியாலத்துக்குள்ள அடங்காது. பாலாவிப் பக்கம் உப்பளத்த நிண்டு காட்டு. கடைப் பைக்கெற்றுக்குள்ளதான் உப்பு விளையுது எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிற பிள்ளை, குவிச்சு வைச்ச உப்பக் கண்டா வாயப் பிளக்கும்.

வில்பத்துவில சிறுத்தை காட்டப் போறியாம். சிறுத்தைக்கு மனசிருந்தா வரும். இல்லாட்டி மூணு நாலு மணித்தியாலம் ஜீப்பில குலுங்கி, பிள்ளை சத்தியெடுத்து, நீ மனுசியிட்ட ஏச்சு வாங்கித் திரும்புவாய். அதுக்குள்ள புத்தளத்து ரோட்டில நிண்ட கழுதையளப் பார்த்துப் பிள்ளை ‘அப்பா, நிப்பாட்டுங்க’ எண்டு கத்தியிருக்கும். நீ நேரமில்ல எண்டிருப்பாய். சிறுத்தைக்கு நேரமிருக்கு, கழுதைக்கு இல்லையா?

ஓங்கல்தான் வேணுமெண்டு பிள்ளை அழுதா டிசம்பர்ல, மழை விட்ட பிறகு வா. கரைவலை இழுக்கிற காலமும் அதுதான். சில இடத்தில டிரக்டராலயும் இழுத்திருக்கிறாங்க. கையால இழுக்கிற கரையாப் பார்த்துப் பிள்ளையளயும் கயித்தில பிடிக்க விடு. மடி கரைக்கு வந்தா, கை குடுத்தவனுக்குக் கறிக்கு மீன் குடுக்கிறது எங்கட வழக்கம். அதுக்கு ஒன்லைன்ல பதியத் தேவையில்ல. கை கழுவுற ஜெல்லை மட்டும் வலைக்காரனுக்கு முன்னால எடுத்துப் பூசாத, மீன் குறைஞ்சிடும்.

காரில வராத. கொழும்பில 4ஆம் நம்பர் பஸ் ஏறி, பாலாவிச் சந்தியில இறங்கு. கற்பிட்டி பஸ் அங்கயே வரும். எப்ப வரும் எண்டு மட்டும் ஆரிட்டயும் கேக்காத. சந்தியில நாலு பேர் நிப்பாங்க, நாலு பேரும் நாலு நேரம் சொல்லுவாங்க.