கார்சியா நியதி: ஒரு ஸ்பானியக் குடும்பப்பெயரின் பரவலும் மறைவும்

பெயராராய்ச்சி என்னும் சாஸ்திரத்தில் பிரவேசித்த அறிஞர் பலரும் அபூர்வமான பெயர்களைத் தேடித் தேடிப் போற்றினார்களேயன்றி, திரும்பிய திசையெல்லாம் காதில் விழுகிற ஒரு பெயர் ஏன் அவ்வாறு விழுகிறது என்பதை விசாரிக்க மனங்கொண்டாரில்லை. லட்சத்தில் ஒருவனுக்கு வாய்த்த பெயருக்கு நூறு பக்கமும், நூற்றில் மூவருக்கு வாய்த்த பெயருக்கு அரைப் பக்கமுமாக அவர்கள் மையைச் செலவிட்ட அநீதியை ஓரளவேனும் நிவர்த்திப்பதே இவ்வியாசத்தின் பிரயோசனம். நாம் எடுத்துக்கொண்ட பெயர் கார்சியா. ஸ்பெயின் தேசத்தில் இன்று ஏறத்தாழ 14 லட்சம் பேர் இதனை முதற்குடும்பப்பெயராகவும், ஏறத்தாழ அதே தொகையினர் இரண்டாம் குடும்பப்பெயராகவும் தரித்திருக்கின்றனர். ரொட்ரிகேஸ், கொன்சாலெஸ், பெர்னாண்டெஸ், லோபெஸ் முதலிய பெருங்கூட்டங்களெல்லாம் இதற்குப் பின்னேதான் வரிசையில் நிற்கின்றன. இத்தகைய பெயரைப் பற்றி நாம் நிலைநாட்டப் புகும் சித்தாந்தம் கேட்பதற்குச் சிறிது விபரீதமாகத் தோன்றக்கூடும்: எந்தப் பெயர் எல்லோருக்கும் வாய்க்கிறதோ, அந்தப் பெயரால் எவரும் அழைக்கப்படுவதில்லை. இதனைக் கார்சியா நியதி என்று வழங்குவோம்.

முதலில் உற்பத்தி. ரொட்ரிகோ, பெர்னாண்டோ, கொன்சாலோ என்பன ஸ்பெயினுக்குள் புகுந்த காத்தியர் என்னும் ஜெர்மானியக் கூட்டத்தாரின் மொழிவழி வந்தவை. கார்சியாவோ ரோமாபுரியின் லத்தீனும் அந்நாட்டில் கால் வைக்குமுன்பே அங்கே குடியிருந்த பழங்குடி என்று பெரும்பாலோர் கருதுகின்றனர். பாஸ்க் மொழியில் கரடியைக் குறிக்கும் ‘ஹார்ட்ஸ்’ என்பதிலிருந்து இது பிறந்தது என்பார் ஒரு சாரார். அம்மொழியிலேயே இளைஞனைக் குறிக்கும் ‘கஸ்தே’ என்பதிலிருந்து பிறந்தது என்பார் மற்றொரு சாரார். இரு கட்சியினரும் நெடுங்காலமாக ஒருவரையொருவர் மறுத்து வருவது வீண் சிரமம் என்றே தோன்றுகிறது. கரடிக்கும் ஓர் இளமைப் பருவம் உண்டென்பதை ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை இரு தரப்புக்கும் இருந்திருக்குமாயின், இவ்விவாதம் ஒரே பிற்பகலில் தீர்ந்திருக்கும். சமரச சன்மார்க்கமாக ‘இளங்கரடி’ என்று கொண்டு மேலே செல்வோம்.

இவ்விளங்கரடி தொடக்கத்தில் சிங்காசனத்தில் வீற்றிருந்தது என்பது சரித்திரம். ஆயினும் அவ்வாசனம் அதற்கு ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பாம்ப்லோனாவை ஆண்ட கார்சியா இன்யீகெஸ் வடகடலிலிருந்து வந்த வைக்கிங் கொள்ளைக்காரரிடம் அகப்பட்டு, பெரும்பொன் கொடுத்து மீண்டான். லியோன் நாட்டில் தந்தைக்கெதிராகக் கிளர்ந்து 910-இல் முடி புனைந்த கார்சியா 914-இல் மாண்டான். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் பாம்ப்லோனாவை ஆண்ட இரண்டாம் கார்சியா சான்செஸ் என்பவனுக்குச் சரித்திரம் சூட்டிய விருதோ ‘நடுங்கி’ என்பது. போருக்குப் புறப்படுமுன் அவன் உடல் நடுங்குமாம். காஸ்தீலியாவின் இளங்கோமகன் கார்சியா 1029-இல் மணமகனாக லியோன் நகருக்குப் போன இடத்தில் கொலையுண்டான். மூன்றாம் கார்சியா சான்செஸ் 1054-இல் அடாப்புவெர்க்கா களத்தில் சொந்தத் தம்பியின் சேனையோடு பொருது மடிந்தான். காலீசியாவின் கார்சியாவின் கதை இன்னும் பரிதாபம்: உடன்பிறந்தார் இருவரும் சேர்ந்து 1071-இல் அவன் நாட்டைப் பறித்துக்கொண்டனர், 1073-இல் சிறைப்பட்ட அவன், லூனா கோட்டையில் பதினேழாண்டு கிடந்து 1090-இல் உயிர் நீத்தான். இத்தனைக்கும் பிறகு நவாரா நாட்டை மீட்டவன் என்ற பெரும்புகழோடு ஆண்ட கார்சியா ராமீரெஸ் மட்டும் ஒருவாறு தேறினான். அவன் 1150-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி மரணமடைந்த ஊரின் பெயர் லோர்க்கா என்பதை வாசகர் நினைவில் முடிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கார்சியா லோர்க்காவில் மறைவது இதுவே முதன்முறை, ஆனால் கடைசி முறையன்று. அவனுக்குப் பின் ஸ்பானிய அரசர் எவரும் அப்பெயரைத் தாங்கத் துணியவில்லை. ராஜ குலத்தார் கைவிட்ட வஸ்திரத்தை ஊரார் எடுத்து உடுத்துக்கொண்டனர் என்பதே நம் அனுமானம்.

உடுத்த விதத்திலும் ஒரு விசேஷம் உண்டு. அக்காலத்து வழக்கில் ரொட்ரிகோவின் மகன் ரொட்ரிகேஸ் ஆனான், சான்சோவின் மகன் சான்செஸ் ஆனான். இம்முறைப்படி கார்சியாவின் மகன் கார்செஸ் ஆகவேண்டும். சிலர் ஆகவும் ஆயினர். பெரும்பாலோரோ அந்த விகுதியைச் சேர்த்துக்கொள்ளும் சிரமத்தைக்கூட மேற்கொள்ளாமல் தந்தையின் பெயரை அப்படியே தூக்கி வைத்துக்கொண்டனர். ஆகவே இன்றைய 14 லட்சம் கார்சியாக்களும் ஒரே மூதாதையின் சந்ததி என்று கற்பித்துக்கொண்டு உறவு கொண்டாடுவது தகாது. கார்சியா என்று பெயரிடப்பட்ட எண்ணற்ற தந்தையர் எண்ணற்ற ஊர்களில் இருந்தனர் என்பதற்குமேல் அது எதையும் நிரூபிப்பதில்லை. முற்பெயராக அது நெடுங்காலம் நீடித்தது என்பதற்குச் சான்று தேடி நாம் தொலைதூரம் போகவேண்டியதில்லை. இந்திய மருந்துச் சரக்குகளைப் பற்றிய உரையாடல் நூலை 1563-இல் கோவாவில் அச்சேற்றிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, ஸ்பெயினிலிருந்து போர்த்துகலுக்கு ஓடிவந்த யூதப் பெற்றோரின் புதல்வர். அவருக்குக் குடும்பப்பெயர் ஓர்த்தா, இட்ட பெயர்தான் கார்சியா. இறந்த பின்னும் அவருக்கு நிம்மதி கிட்டவில்லை: 1580-இல் மதவிசாரணை மன்றத்தார் அவருடைய எலும்புகளைத் தோண்டியெடுத்து எரித்தனர். முற்பெயராக இருந்த காலத்துக் கார்சியாவின் ஜாதக பலன் கோவா வரைக்கும் கூடவே வந்திருக்கிறது.

இனி நியதிக்கு வருவோம். ஸ்பானியர் ஒவ்வொருவருக்கும் குடும்பப்பெயர் இரண்டு: தந்தையின் முதற்குடும்பப்பெயர் முன்னும், தாயின் முதற்குடும்பப்பெயர் பின்னும் வரும். மணமான பெண் தன் பெயர்களை இழப்பதில்லை. தகப்பனார் பெயரை ஓரெழுத்தாகச் சுருக்கி முன்னால் வைத்து, ஒரு புள்ளியும் வைத்துக் காரியத்தை முடித்துவிடும் நம்மவர்க்கு இது ஆடம்பரமாகப் படலாம்; ஆயினும் நம் ஆராய்ச்சியின் ஜீவநாடி இதில்தான் இருக்கிறது.

தந்தையும் கார்சியா, தாயும் கார்சியா எனில் பிள்ளை கார்சியா கார்சியா ஆகிறது. ஸ்பெயினில் இத்தகைய இரட்டைக் கார்சியாக்கள் 70 ஆயிரத்துக்கு மேல் உள்ளனர். இங்கே சிறிது கணிதம் அவசியமாகிறது. நூற்றுக்கு மூவர் கார்சியா என்றால், கண்ணை மூடிக்கொண்டு மணம் முடித்துவைத்தாலும் பதினாயிரத்துக்கு ஒன்பது பேர் இரட்டையராகப் பிறக்கவேண்டும், 4.8 கோடி ஜனத்தொகைக்கு அது சுமார் 43 ஆயிரம் ஆகும். எஞ்சிய 27 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் எங்கிருந்து வந்தனர்? சில மாகாணங்களில் கார்சியாக்கள் அடர்த்தியாகவும் சிலவற்றில் அருகியும் வாழ்கின்றனர், அவரவர் பக்கத்து வீட்டிலேயே பெண்ணெடுக்கின்றனர் என்று புள்ளிவிவரக்காரர் உலர்ந்த காரணம் கூறுவர். கார்சியாவுக்கும் கார்சியாவுக்கும் இடையே பூர்வஜன்ம ஆகர்ஷணம் ஒன்று இருத்தல் வேண்டும் என்பது நம் கட்சி. அதனை மறுக்கும் ஆதாரம் எதனையும் எவரும் இதுவரை நம்மிடம் கொண்டுவந்ததில்லை.

ஒரு பெயரைக் கூவியழைத்தால் தெருவில் பாதிப்பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்னும்போது, அழைக்கிறவன் வேறு பெயரைத்தான் தேடுவான். அவ்வேறு பெயர் கைக்கருகிலேயே, தாயாரிடமிருந்து வந்ததாக, இரண்டாம் இடத்தில் காத்திருக்கிறது. கிரானாடா நாட்டுக் கவிஞர் பெதெரிக்கோ கார்சியா லோர்க்காவை உலகம் லோர்க்கா என்றே அறியும். திரைப்பட இயக்குநர் லூயிஸ் கார்சியா பெர்லாங்காவோ வெறும் பெர்லாங்கா; அவர் பாணியைக் குறிக்க ‘பெர்லாங்கியானோ’ என்னும் அடைமொழியை ஸ்பானிய மொழிக் கழகம் 2020-இல் அகராதியிலும் ஏற்றிவிட்டது. இருவரிடத்தும் கார்சியா இருந்த இடத்தில் ஒரு மௌனம் இருக்கிறது. நியதி கார்சியாவுக்கு மாத்திரம் உரியதன்று என்பதற்குப் பிற கூட்டங்களிலிருந்தும் சாட்சிகளை அழைக்கலாம்: பாப்லோ ரூயிஸ் பிக்காசோ தந்தையின் ரூயிஸை உதிர்த்தார், நாவலாசிரியர் பெனீட்டோ பெரெஸ் கால்தோஸ் பெரெஸை உதிர்த்தார், பிரதமர் ஹோசே லூயிஸ் ரொட்ரிகேஸ் ஸபதேரோவிடம் ரொட்ரிகேஸ் வீட்டோடு நின்றுவிட்டது. புருஷர் பெயரை மேற்கொள்ளும் பிரெஞ்சு வழக்கத்திலும் கார்சியாவே தோற்றது. பாடகர் மனுவேல் கார்சியாவின் புத்திரிகள் இருவரும் மலிப்ரான் என்றும் வியார்தோ என்றும் கணவர்களின் பெயராலேயே சங்கீத உலகில் கீர்த்தி பெற்றனர்.

இதற்குப் பூர்வபட்சம் கூறுவாரும் உளர். கொலம்பியாவின் கார்சியா மார்க்கேஸ் தம் கார்சியாவை விடவில்லையே என்பர். உண்மை, அவரை வெறும் மார்க்கேஸ் என்பது ஸ்பானிய வழக்கில் பிழை, ஆங்கிலத்திலும் தமிழிலும் நாம் செய்கிற பிழை. காரணம் வெளிப்படை. மார்க்கேஸ் அரிய பெயருமன்று, மலிந்த பெயருமன்று. தனியே நிற்க அதற்கு வலிமை போதாது, ஆகவே இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நடக்கின்றன. பெரு என்னும் நாட்டை 1985 முதல் 1990 வரையிலும், மீண்டும் 2006 முதல் 2011 வரையிலும் ஆண்ட ஆலன் கார்சியா ஏன் கார்சியாவாகவே இருந்தார் என்பர். அவருடைய முழுப்பெயரைப் பார்க்கவேண்டும்: ஆலன் கார்சியா பெரெஸ். கார்சியாவிலிருந்து தப்பிப் பெரெஸில் போய் விழுவதற்கு எவர் ஒப்புவர்? இதே சங்கடம் ஹோசே லூயிஸ் கார்சியா முன்யோஸ் என்னும் இயக்குநருக்கும் நேர்ந்தது. முன்யோஸும் ஊர் நிறைந்த பெயர். அவர் செய்த உபாயம் அற்புதமானது. கார்சியாவின் கடைசி எழுத்தை மாத்திரம் வெட்டியெறிந்து, கார்சி என்று பெயர் பூண்டு, ஸ்பானியப் படமொன்றுக்கு முதன்முதலாக ஆஸ்கார் விருதையும் வாங்கிவந்தார். இடைக்காலத்தில் இக்குறுக்கம் சகஜம். ‘அமாதீஸ் தெ கௌலா’ என்னும் வீரகதையை அச்சுக்குச் செப்பம் செய்த மொந்தால்வோவும் ஒரு கார்சிதான்.

அரசாங்கமும் இவ்விஷயத்தில் கைவைத்துப் பார்த்தது. 1999 முதல் பெற்றோர் இசைந்தால் தாயின் பெயரை முன்னே வைக்கலாம் என்று சட்டம் வந்தது. இசையாவிட்டால் என்ன செய்வது என்ற வினாவுக்கு, 2010-இல் அதே ஸபதேரோவின் அரசாங்கம் தயாரித்த நகல் சட்டம், அகரவரிசைப்படி முந்திய பெயரே முந்தும் என்று விடை கூறியது. தேசமெங்கும் பெருங்கூச்சல் எழுந்தது. சில தலைமுறைகளில் ‘ஏ’யிலும் ‘பி’யிலும் தொடங்கும் பெயர்களே மிஞ்சும், வரிசையின் வாலில் நிற்பவை வழக்கொழியும் என்று அஞ்சினர், பிரதமரின் பெயரே கடைசி எழுத்தில் தொடங்குவதைச் சுட்டி நகைத்தவர்களும் உண்டு. ஏழாம் எழுத்தில் சௌகரியமாக அமர்ந்திருந்த கார்சியாக்கள் இக்கலகத்தில் சாவதானமாக இருந்திருப்பர் என்று ஊகிக்க இடமுண்டு. முடிவில் அகரவரிசை கைவிடப்பட்டது. 2017 முதல் பெற்றோர் ஒத்துப்போகாவிடில் பதிவு அதிகாரியே குழந்தையின் நலம் கருதித் தீர்மானிக்கிறார். பெற்றோர் இன்னாரென்று தெரியாத குழந்தைக்குப் பொதுவழக்கிலுள்ள குடும்பப்பெயர்களை இடவேண்டும் என்று 1957-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் அவ்வதிகாரிக்குக் கட்டளையிட்டிருந்தது. பொதுவழக்கு என்னும் சொல்லைப் படித்த மாத்திரத்தில் அவர் பேனா எப்பக்கம் சாய்ந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

கடல் கடந்த கார்சியாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. மெக்சிகோவில் இப்பெயர் எர்னாண்டெஸுக்கு அடுத்தபடியாக இரண்டாம் இடத்தில் இருக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் குடிமதிப்பில் 1990-இல் 18-ஆம் இடத்திலும், 2000-இல் 8-ஆம் இடத்திலும், 2010-இல் 11 லட்சத்து 66 ஆயிரம் பேரோடு 6-ஆம் இடத்திலும் காணப்பட்டது. அங்கே தாயின் பெயரை விட்டுவிடுவது வழக்கமாதலால் கார்சியாவுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை, எல்லோரும் அம்பலத்தில் நிற்கிறார்கள். நம் நியதி செல்லுபடியாக ஒரு தாயார் பெயர் இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும்.

பிலிப்பைன் தீவுகளின் விஷயம் இன்னும் சுவையானது. அங்கே கவர்னர் ஜெனரலாக இருந்த நர்சீசோ கிளாவெரியா, குடிகள் பலரும் மனம்போனபடி புனிதர் பெயர்களையே சூடிக்கொள்வதால் வரி வசூலில் குழப்பம் நேர்கிறதென்று கண்டு, ஏறத்தாழ 60 ஆயிரம் பெயர்கள் கொண்ட அட்டவணைப் புத்தகத்தை மாகாணந்தோறும் அனுப்பி, அதிலிருந்து குடும்பப்பெயர்களைப் பங்கிடுமாறு உத்தரவிட்டார். ஆல்பாய் மாகாணத்து ஓவாஸ் என்னும் ஊராருக்கு ‘ஆர்’ எழுத்துப் பக்கங்கள் வாய்த்தன. இன்றும் அவ்வூரில் பெரும்பான்மைப் பெயர்கள் அவ்வெழுத்தில்தான் தொடங்குகின்றன. உத்தரவின் தேதி 1849 நவம்பர் 21. கடைசிக் கார்சியா மன்னன் லோர்க்காவில் கண்மூடிய அதே தேதி. இதனைத் தற்செயல் என்று தள்ளிவிடுவோரோடு நமக்கு வாதமில்லை. அத்தீவுகளில் தாயின் பெயர் நடுவே ஓரெழுத்தாக ஒடுங்கி நிற்க, தந்தையின் பெயர் கடைசியில் வரும். எனவே 1957 முதல் 1961 வரை அக்குடியரசின் அதிபராக விளங்கிய கார்லோஸ் பி. கார்சியா, அந்தப் ‘பி’ எழுத்துக்குள் பொலிஸ்டிகோ என்னும் அருமையான தாய்வழிப் பெயரை அடக்கி வைத்திருந்தும் கார்சியாவாகவே ஆண்டு கார்சியாவாகவே ஓய்ந்தார். மாட்ரிட்டில் மாத்திரம் பிறந்திருப்பாராயின் பத்திரிகைகள் அவரை முதல் வாரத்திலேயே அதிபர் பொலிஸ்டிகோ ஆக்கியிருக்கும்.