கார்க் கண்ணாடியில் ரெண்டு பாம்பு

வா மாப்ளே, உட்காரு. பட்டத்துல மை காயல, அதுக்குள்ள காருக்குச் சின்னம் ஒட்டிட்டியே, பலே! முன்கண்ணாடியில ஒண்ணு, பின்கண்ணாடியில ஒண்ணு, நம்பர் பிளேட்டு ஓரத்துல சிவப்பா ஒரு பிளஸ்ஸு. கல்யாண காருக்குக்கூட இம்புட்டு ஜோடிப்பு கெடையாது. கத்திப்பாரா பாலத்துல ஏறினா அத்தனை வண்டியும் ஒதுங்கி நின்னு கும்பிடும்ல?

ஒரு சந்தேகம், கோவிச்சுக்காத. கோல்ல ரெண்டு பாம்பு சுத்திக்கிட்டு, மேல றெக்கையும் விரிச்சிருக்கே, அது வைத்தியனோடது இல்லையாம்ல? கிரேக்கத்து வைத்தியச் சாமி அஸ்கிளீப்பியஸ் கையில இருந்தது மொட்டைக் கம்பு, ஒத்தப் பாம்பு, அம்புட்டுத்தான். ரெண்டு பாம்பும் றெக்கையும் ஹெர்மஸோட சொத்து. அவரு யாவாரிக்கும் தெய்வம், திருடனுக்கும் தெய்வம். 1902-ல அமெரிக்கப் பட்டாளத்து மருத்துவப் பிரிவு அதைத் தூக்கிச் சட்டையில குத்திக்கிட்டாக. அவுகளப் பாத்து நம்ம ஊரு ஸ்டிக்கர் கடை வரைக்கும் வந்துருச்சு. ஆனா நீ மாத்தாத மாப்ளே. நாளைக்குக் கிளினிக் வச்சு பீஸு வாங்கணும்ல, அந்தச் சாமியும் துணைக்கு இருக்கட்டும்.

அந்தச் சிவப்புச் சிலுவை சண்டையில அடிபட்டவனத் தூக்குறவுகளுக்கு உள்ளது. கண்டவுகளும் போடக் கூடாதுன்னு 1960-லயே ஜெனீவா ஒப்பந்தச் சட்டம் போட்டு வச்சிருக்காக. யாராச்சும் கேட்டா, சாயங்காலம் ஆறு மணிக்குக் கிண்டிக்கு வந்து பாருங்க, இதவிடப் போர்க்களம் வேணுமான்னு சொல்லித் தப்பிச்சுக்க.

லண்டன்ல ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸுன்னு ஒரு வைத்தியர் கூட்டம் இருக்கு. அவுகளுக்கு 1546-ல கேடயச் சின்னம் எழுதிக் குடுத்திருக்காக. வானத்துலேருந்து ஒரு கை எறங்கி, இன்னொரு கையில நாடி பாக்குது. கீழ ஒரு மாதுளம்பழம். பாம்பும் இல்ல, றெக்கையும் இல்ல. அத மட்டும் ஒட்டிராத. சிக்னல்ல நிக்கிறப்ப எவனாச்சும் ஜன்னல் வழியா கைய நீட்டி, நாடி பாருங்க டாக்டர்னுருவான்.

சங்கத்துக்குச் சின்னம்னா வெள்ளைக்காரன் குடுத்ததுன்னு நெனைக்காத. சோழர் காலத்துல உழவங்க கூடிச் சித்திரமேழிப் பெரியநாட்டார்னு ஒரு சபை வச்சிருந்தாக. அவுகளுக்குச் சின்னம் கலப்பை. கல்வெட்டு உச்சியில அந்தக் கலப்பையச் செதுக்கிட்டு, கீழ கோயிலுக்கு என்ன தர்றோம்னு எழுதுனாக. நம்ம பிரான்மலையில யாவாரிக் கூட்டம் பதிமூணாம் நூத்தாண்டுல சரக்குக்கு இவ்வளவுன்னு சாமிக்கு எழுதி வச்சது இன்னைக்கும் கல்லுல இருக்கு. அந்தக் காலத்து ஆளுக வெவரம் கெட்டவுக. சின்னத்தப் போட்டுக் குடுத்துட்டுப் போனாக. ‘என்னை நிறுத்தாதே, நோ பார்க்கிங்ல விட்டா கேக்காதே’ன்னு வாங்கத் தெரியல பாரு!

உன் பக்கத்து வீட்டு வக்கீலும் காரு பூராத் தராசு ஒட்டியிருக்காரு. பெயர்ப்பலகை அளவா இருக்கணும், எந்தச் சங்கத்துல என்ன பதவின்னு அதுல போடக் கூடாதுன்னு பார் கவுன்சில் விதியே இருக்கு. பலகைக்குத்தான விதி, காருக்கு இல்லையேன்னு வாதாடுவாரு. கெட்டிக்காரரு, அவர்கிட்டயும் ரெண்டு யோசனை கேட்டு வச்சுக்க.

ஏன்னா, 2024 மே 2-லேருந்து சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் இந்த ஸ்டிக்கருகளப் புடிக்க ஆரம்பிச்சாக. டாக்டர், வக்கீல், பிரஸ்ஸு, போலீஸு, எல்லாம் ஒரே வரிசை. முதத் தடவை 500 ரூவா, அடுத்த தடவை 1500. கண்ணாடியப் பத்தி நாளைக்குப் பேசுவோம். அத்தைகிட்டச் சொல்லி வெந்நி வைக்கச் சொல்லியிருக்கேன், நம்பர் பிளேட்டுல இருக்குறத மட்டும் இப்பவே சுரண்டிரு மாப்ளே.