வசூலியல்: கடலூர் – சிதம்பரம் தடத்துப் பெற்றோரை முன்வைத்து ஓர் ஆய்வு

முந்திரிக்கு ஆய்வு உண்டு. பண்ருட்டிப் பலாவுக்கு உண்டு. பிச்சாவரத்துச் சுரபுன்னைக்கு ஆய்வேடுகள் அடுக்கடுக்காக உண்டு. ஆனால் டிசம்பர் மாதத்தில், ஏழாம் வகுப்புப் பிள்ளையின் புத்தகப் பையிலிருந்து, டிபன் பாக்ஸுக்கும் ஜாமெட்ரி பாக்ஸுக்கும் நடுவே நசுங்கி, கொஞ்சம் சாம்பார் வாசத்தோடு வெளியே வருகிற ஒரு கொத்துக் காகிதக் கொடிகளை எந்த அறிஞரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அந்தக் கொடிகள் இரவு ஒன்பது மணிக்குத்தான் வெளியே வரும் என்பதும், பணம் கட்டக் கடைசி நாள் மறுநாளாகவே இருக்கும் என்பதும் இத்துறையின் அடிப்படை விதிகள். பெற்றோருலகம் இவற்றை வாய்மொழி மரபாகவே காத்துவருகிறது. அவற்றை எழுத்தில் பதிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வு எல்லை: வடக்கே மஞ்சக்குப்பம், தெற்கே சிதம்பரம் தெற்கு வீதி. ஆய்வுக் காலம்: அக்டோபர் 2 முதல் அரையாண்டுத் தேர்வு முடியும் வரை. முதன்மைத் தரவு: ஆய்வாளரின் மகள். துணைமைத் தரவு: ஆய்வாளரின் மனைவி, ஆய்வாளரைப் பற்றி அவ்வப்போது தெரிவித்த கருத்துகள். கருதுகோள் ஒன்றே ஒன்று: பிள்ளைகள் விற்பதாகச் சொல்லப்படும் எதையும் பிள்ளைகள் விற்பதில்லை.

வரலாற்றுப் பின்னணி

இதற்கெல்லாம் மூலவர் ஒரு தபால் ஊழியர். டென்மார்க்கில் அஞ்சல்துறையில் வேலை பார்த்த ஐனார் ஹோல்பெல் என்பவர், கிறிஸ்துமஸ் சமயத்தில் மலைபோல் குவிந்த வாழ்த்துகளைப் பார்த்து, ஒவ்வொன்றிலும் கூடுதலாக ஒரு வில்லை ஒட்டினால் காசநோய்க் குழந்தைகளுக்கு மருத்துவமனை கட்டலாமே என்று நினைத்தார். 1904-இல் அது விற்பனைக்கு வந்தது. 1907-இல் அமெரிக்காவின் டெலவேரில் எமிலி பிஸ்ஸல் என்ற அம்மையார், ஒரு சிறு காசநோய் விடுதியைக் காப்பாற்ற 300 டாலர் வேண்டும் என்று அதே வழியில் இறங்கி, 3,000 டாலர் சேர்த்தார். 1939-இல் தோன்றிய இந்தியக் காசநோய்க் கழகமும் இந்த வழியைப் பிடித்துக்கொண்டது. இரட்டைக் குறுக்குக்கோடு போட்ட அந்த வில்லைகளின் விற்பனை இங்கே ஆண்டுதோறும் காந்தி பிறந்தநாளில் தொடங்குகிறது. ஹோல்பெல்லின் கணக்கில் ஒரு விஷயம்தான் இடிக்கிறது. அவர் காலத்தில் மக்கள் கடிதம் எழுதினார்கள். இன்று என் வீட்டு வில்லைகள் ஃபிரிட்ஜ் கதவிலும், கணக்கு நோட்டு அட்டையிலும், ஒருமுறை என் ஹெல்மெட்டிலும் ஒட்டப்பட்டுள்ளன.

நவம்பர் 7 சாரணர் கொடி நாள். பாரத சாரண சாரணியர் இயக்கம் 1950-இல் அந்த நாளில்தான் உருவானது. டிசம்பர் 7 படைவீரர் கொடி நாள், 1949 முதல். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று முப்படைக்கும் மூன்று நிறம். உயிர்நீத்த வீரர்களின் குடும்பத்துக்கும் முன்னாள் படைவீரர் நலனுக்கும் போகிற பணம் அது. அதைக் குறை சொல்பவன் நாக்கு அழுகும். ஆய்வாளர் நோக்கத்தை ஆராயவில்லை, நாட்காட்டியை ஆராய்கிறார். அக்டோபர், நவம்பர், டிசம்பர்: கடலூர்க்காரர்களுக்கு இந்த மூன்று மாதங்கள் என்றால் வடகிழக்குப் பருவமழை. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகும் அதே வாரத்தில் பள்ளியில் உண்டியல் உருவாகிறது. இரண்டுக்கும் காரணகாரியத் தொடர்பு இன்னும் நிறுவப்படவில்லை. ஆனால் கலெக்டர் லீவு விட்டால் கொடி விற்கும் நாள் ஒன்று குறையும், கடைசித் தேதி மட்டும் தள்ளிப்போகாது என்பது கண்கூடு. மழையில் நனைந்த கொடியில் சிவப்பு, வெளிர்நீலத்துக்குள் இறங்கி, தரைப்படையும் வான்படையும் ஒன்றாகிவிடுவதையும் இவ்வாய்வாளர் நேரில் கண்டிருக்கிறார்.

அளவையியல்

பெண்ணாகடத்து மெய்கண்டார் வழிவந்த சைவ சித்தாந்திகள், ஓர் உண்மையை அறிய காட்சி, கருதல், உரை என்று மூன்று அளவைகள் போதும் என்றார்கள். நம் மாவட்டத்துச் சரக்கு என்பதால் இதைப் பெருமையோடு இங்கே பொருத்திப் பார்த்தேன். பிள்ளைகள் முதல் இரண்டையும் தள்ளிவிட்டு, மூன்றாவதை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

“யாருக்கும்மா இந்தப் பணம் போகுது?”

“மிஸ் வெள்ளிக்கிழமைக்குள்ள கேட்டாங்க.”

“அது சரி, எதுக்குன்னு சொன்னாங்களா?”

“இருபதும் வித்தாகணும்னு சொன்னாங்க.”

“எங்க ஆபீஸ்ல ஏற்கெனவே பணம் பிடிச்சுட்டு ஒரு கொடி குடுத்தாங்களே. இதோ பாரு, சட்டையில இருக்கு.”

மகள் என் சட்டைப் பையை உற்றுப் பார்த்தாள். “அது ஆபீஸ் கொடிப்பா. இது ஸ்கூல் கொடி.”

மிஸ் சொன்னாங்க என்பதற்கு மேல் ஆகமம் கிடையாது. மிஸ்ஸுக்கு மேல் ஹெச்.எம்., அவருக்கு மேல் ஒரு சுற்றறிக்கை, அதற்கு மேல் யாரென்று கேட்டால் அது மறைபொருள்.

கொடியும் வில்லையும் போக, மூன்றாவதாக ஒரு வகை உண்டு: படிவம். பெயர், தொகை, கையொப்பம் என்று கோடு போட்ட தாள். இதில் முதல் வரி எப்போதும் தகப்பனுடையது. தகப்பன் அந்த வரியில் எழுதும் தொகை அவனுடையதல்ல, தெருவுடையது. ஐம்பது எழுதினால் கீழே எல்லாரும் இருபதுக்கு இறங்கிவிடுவார்கள், பிள்ளை வாடிப்போகும். இருநூறு எழுதினால் எதிர்வீட்டுக்காரர் ஒரு மாதத்துக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டார். நான் நூறு எழுதி, பிறகு மனைவி பெயரில் இரண்டாவது வரியில் ஐம்பது எழுதினேன். எதிர்வீட்டுக்காரர் தாளை வாங்கிப் பார்த்து, முதல் வரியைக் கண்டுகொள்ளாமல், இரண்டாவது வரியைப் பின்பற்றினார். நுண்ணிய வாசகர்.

சரக்குப் போக்குவரத்து

கருதுகோளின் உயிர்நாடி இங்கேதான். சரக்கு பிள்ளையின் பையில் தங்கும் காலம் ஓரிரவு. மறுநாள் காலை அது தகப்பனின் பைக்கு மாறி, திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் ரயில் ஏறிவிடுகிறது. சீசன் டிக்கெட்காரர்களுக்கு அன்றாடம் அதே பெட்டி, அதே இருக்கை, அதே முகங்கள். ஆலப்பாக்கம் தாண்டியதும் யாராவது ஒருவர் தொண்டையைச் செருமுவார். பையிலிருந்து பழுப்பு உறை வெளியே வரும். புதுச்சத்திரத்தில் இறங்கி ஓடிவிடவும் முடியாது, வேலை சிதம்பரத்தில். கிள்ளை வருவதற்குள் வசூல் முடிந்துவிடும்.

அதே பெட்டியில் ஒருவர் வேர்க்கடலை விற்றுக்கொண்டு போகிறார். வேண்டாம் என்று தலையாட்டினால் அடுத்த இருக்கைக்கு நகர்கிறார். அவருக்கும் வருத்தமில்லை, நமக்கும் வருத்தமில்லை. வியாபாரம் என்றால் அதுதான். வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் நடப்பதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும். என் சகபயணி ஒருவர் என்னிடம் பத்துக் கொடி வாங்கினார். அவர் மகன் வேறு பள்ளி. அவனுக்கும் கொடி வந்தது, நான் பத்து வாங்க வேண்டும். கொடி ஒன்று பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இருவர் பையிலிருந்தும் தலா நூறு ரூபாய் போகும். ஆளுக்கு நூறு ரூபாயை அவரவர் பள்ளியிலேயே கட்டியிருந்தாலும் அதே நூறுதான். ஆனால் மனிதர்களுக்குக் கணக்கு நேர் செய்யும் பழக்கம் இல்லையே. என்னிடம் அன்று சில்லறை இல்லாததால் எட்டுத்தான் வாங்கினேன். மீதி இரண்டு, எழுதாத மொய் நோட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. இப்போது அவர் ஜன்னலோர இருக்கையை எனக்காகப் பிடித்துவைப்பதில்லை.

இலக்கியச் சான்றுகள்

திருக்குறளில் 105 முதல் 108 வரையுள்ள நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்த உரையாசிரியர்கள் ஏதேதோ சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அவை ஒரே மாலைப்பொழுதின் நான்கு காட்சிகளாகத் தெரிகின்றன. 105 நல்குரவு: மாதக் கடைசி. 106 இரவு: பிள்ளை எதிர்வீட்டுப் படியேறுகிறது. 107 இரவச்சம்: பிள்ளை படியேறும்போது, சம்பந்தமே இல்லாதவன்போல் தெருமுனையில் பைக்கைத் துடைத்துக்கொண்டு நிற்கும் தகப்பன். 108 கயமை: உள்ளே டிவி சீரியல் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, “வீட்ல யாரும் இல்லடா கண்ணு, அப்புறமா வா” என்று ஜன்னல் வழியாக வரும் குரல்.

பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படை. பரிசில் பெற்று வருகிறவன், பெறாதவனை எதிரில் கண்டு, இன்ன வள்ளலிடம் போ என்று வழிகாட்டுவது மரபு. இம்மரபு எங்கள் தெருவில் இன்றும் உயிரோடிருக்கிறது, சிறு திரிபோடு. இங்கே ஆற்றுப்படுத்துகிறவர் பெற்றவரல்ல, கொடுக்காதவர். “மூணாவது வீட்டு மாமா இருக்காரு பாரு, அவர் நிறைய வாங்குவாரு” என்று பெரியம்மா அனுப்பிவைக்க, மூணாவது வீட்டு மாமா நான்தான் என்பதால் என் மகள் திரும்பி வந்துவிட்டாள்.

சிதம்பரத்தில் ஆனியிலும் மார்கழியிலும் தேரோட்டத்துக்கு முதல் நாள் இறைவன் பிட்சாடனராக, கையில் கபாலத்தோடு வீதியுலா வருகிறார். இதிலிருந்து ஆய்வாளர் பெறும் முடிவு ஒன்று: கேட்பது இழிவல்ல. இன்னொன்று: கேட்கவேண்டியிருந்தபோது அவரே கிளம்பினார், மூத்தவனையும் இளையவனையும் அனுப்பவில்லை.

பிறநாட்டு ஒப்பீடு நீளமாகச் செய்யத் தேவையில்லை. அமெரிக்காவில் 1917-இல் ஒக்லஹோமா மாநிலத்து மஸ்கோகி என்ற ஊரில் சாரணியர் பெண்கள் பிஸ்கட் சுட்டுப் பள்ளியில் விற்றார்கள். இன்று அது மாபெரும் வியாபாரம். அங்கேயும் அப்பாக்கள் அலுவலகத்துக்குத் தாளைத் தூக்கிக்கொண்டுதான் போகிறார்கள். வாங்கியவருக்குக் கடைசியில் ஒரு பிஸ்கட்டாவது மிஞ்சுகிறது. நமக்குக் குண்டூசி.

சாரண இயக்கத்திலேயே இதற்கு ஒரு மாற்று உண்டு. பிரிட்டனில் 1949-இல் தொடங்கிய ‘பாப்-எ-ஜாப்’ வாரம்: பிள்ளை எதையும் விற்காமல், வீடு வீடாகப் போய் வேலை செய்து கூலி வாங்கியது. நம் நாட்டுச் சாரணர்களும் ‘கரீ கமாயி’ என்ற பெயரில் இதைச் செய்கிறார்கள். கோட்பாட்டளவில் குறையில்லை. நடைமுறையில், என் மகள் என் பைக்கைக் கழுவினாள். நான் கூலி கொடுத்தேன். தண்ணீர் புகுந்த பைக் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. மெக்கானிக்கும் கூலி வாங்கினார். வாசலில் தேங்கிய சோப்பு நுரையைத் தள்ளிவிட்ட என் மனைவிக்கு மட்டும் கூலி இல்லை. இருந்தாலும் அந்த ஒரு முறைதான், பணத்தை நீட்டியபோது பிள்ளை அதை எண்ணிப் பார்த்து வாங்கியது. கொடிக்காசை அவள் எண்ணியதே இல்லை.

அப்பர் பெருமானைக் கல்லோடு கட்டிக் கடலில் போட, அவர் மிதந்து கரையேறியதாகச் சொல்லப்படும் இடம் கடலூரில் கரையேறவிட்டகுப்பம். இருபது கொடியில் பதினான்கு விற்றுவிட்டு, மீதி ஆறோடு அந்தப் பக்கமாக பைக்கில் போகும்போதெல்லாம் ஆய்வாளர் அந்தப் பெயர்ப்பலகையைச் சற்று அதிகநேரம் பார்ப்பதுண்டு.

மேலாய்வுக்கு

விற்காத சரக்கு எங்கே போகிறது என்பது தனி ஆய்வுக்குரிய பொருள். உழவர் சந்தையில் கீரைக்கட்டு வாங்கிக்கொண்டிருந்த மிஸ்ஸிடமே கேட்டேன். வகுப்புக்கு இத்தனை என்று கட்டாகக் கொடுத்துவிடுவார்களாம், மீந்தால் மிஸ் கைக்காசாம். “போன வருஷம் பாதியை எங்க வீட்டுக்காரர்கிட்ட குடுத்து, அவர் ஆபீஸ்ல வித்தேன் சார்” என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். அவர் மகன் படிப்பது வேறு பள்ளியில். கீரைக்கு அடியிலிருந்து உறை ஒன்றை எடுத்தார். உள்ளே ஒரு தாள் காசநோய் வில்லை.

“உங்ககிட்ட கேக்கக் கூடாதுதான் சார்...”

நான்கு வாங்கினேன். என்னிடம் ஆறு கொடி மிச்சமிருப்பதைச் சொன்னேன். அவரே கட்டிக் கொடுத்தனுப்பிய கொடிகள்தான். மூன்று எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.