படம் வெட்டு படலம்

சேலம் ஜில்லாவுக்கு வெட்டுப்படுவது ஒன்றும் புதுசில்லை. 1965-ல் வடக்கே ஒரு கோடு போட்டு தர்மபுரியைத் தனியாக எடுத்தார்கள். 1997 ஜனவரி 1-ம் தேதி தெற்கே ஒரு கோடு போட்டு நாமக்கல்லை எடுத்தார்கள். லாரிப் பட்டறை, முட்டைக் கோழி, ஆஞ்சநேயர், திருச்செங்கோட்டு ரிக் வண்டி எல்லாம் அந்தத் துண்டோடு போய்விட்டன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இத்தனை வெட்டு வெட்டியும் மேப்பில் எங்கேயும் சந்து விழவில்லை. இரண்டு ஜில்லாவுக்கும் நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு சாண் பூமிகூடக் கிடையாது.

இது எவ்வளவு பெரிய சாதனை என்று ரெவின்யூ டிபார்ட்மென்ட்டுக்கே தெரியாது. அதே 1997 வாக்கில் அமெரிக்காவின் மகா மேதாவிகள் ஒரு படத்தைத் துண்டு போட்டுவிட்டு, சந்து விழாமல் திரும்ப ஒட்டத் தெரியாமல் விடிய விடியத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் வெப்சைட் செய்ய வேண்டுமென்றால், முதலில் பக்கம் முழுவதையும் ஒரே படமாக வரைய வேண்டும். பிறகு அதைக் குறுக்கும் நெடுக்கும் நாற்பது துண்டாக வெட்ட வேண்டும். பிறகு ஒவ்வொரு துண்டையும் ஒரு டேபிள் கட்டத்துக்குள் உட்காரவைத்து, வெட்டினதே தெரியாதபடி சேர்க்க வேண்டும். முழுசாக இருந்ததை ஏனப்பா வெட்டினாய் என்று கேட்டால், சேர்ப்பதற்காக என்பார்கள். இதற்குச் சம்பளம் வேறு.

இந்தக் கூத்துக்கும் வெப்பைக் கட்டியவருக்கும் சம்பந்தமே இல்லை. டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வுக்கூடத்தில் அதைக் கட்டியது, விஞ்ஞானிகள் குறிப்புகளைப் பரிமாறிக்கொள்வதற்காக. எழுத்து இருக்கும், இணைப்பு இருக்கும், அலங்காரம் இருக்காது. அப்பேர்ப்பட்ட துறவி மடத்தில் 1992-ல் ஏறிய முதல் படங்களில் ஒன்று அணுத்துகளுடையதாக இருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. செர்ன் வட்டாரத்துப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து நடத்திய கிண்டல் பாட்டுக்குழுவின் போஸ்!

1993 பிப்ரவரியில் மார்க் ஆண்ட்ரீசன் என்ற 21 வயசுப் பையன், படம் போட ஒரு டேக் வேண்டும் என்று கேட்டான். பெரியவர்கள் தாடியைத் தடவிக்கொண்டு, இப்படிச் செய்யலாமா, அப்படிச் செய்யலாமா என்று விவாதித்தார்கள். அவன் மொசைக் பிரவுசரில் அதைச் செய்தே விட்டான். வாட்ஸப் குரூப்பில் எல்லாரும் ஊட்டியா கொடைக்கானலா என்று பேசிக்கொண்டிருக்கும்போது ஏற்காட்டுக்கு வேன் புக் பண்ணிவிடுகிற ஆள் ஒருவர் இருப்பாரே, அந்த ஜாதி.

அடுத்து 1995-ல் நெட்ஸ்கேப் பிரவுசர் டேபிள் வசதியைக் கொடுத்தது. எதற்கு? கணக்கு வழக்கு, விலைப்பட்டியல் போடுவதற்கு. டிசைனர்கள் அதைப் பார்த்தார்கள். அடடா, கட்டம்! கட்டத்துக்குள் எதை வேண்டுமானாலும் வைக்கலாமே! அன்றைக்கு ஆரம்பித்தது வினை.

இந்த வினைக்கு வேதம் எழுதியவர் டேவிட் சீகல். எழுத்துரு வடிவமைப்பாளர், அச்சுக்கலை தெரிந்தவர். அச்சில் எழுத்து வைத்த இடத்தில் நிற்கும். திரையில் அது பாட்டுக்கு மடிந்து ஓடும். மனுஷனால் தாங்க முடியவில்லை. 1996-ல் ‘கிரியேட்டிங் கில்லர் வெப் சைட்ஸ்’ என்று புத்தகம் போட்டார். அதில் அவர் பரப்பிய மகா தந்திரம், ஒரே ஒரு பிக்சல் அளவுள்ள, கண்ணுக்கே தெரியாத ஜிஃப் படம். அதை நடுநடுவே சொருகி எழுத்தை இங்கேயும் அங்கேயும் தள்ளலாம். உலகத்து டிசைனர்கள் எல்லாரும் கண்ணுக்குத் தெரியாததை வைத்துக் கண்ணுக்குத் தெரிவதைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மறு வருஷமே, இணையம் பாழாகிவிட்டது, பாழாக்கியது நான்தான் என்று அவரே ஒரு கட்டுரை எழுதினார். பாவமன்னிப்பு கேட்கும்போதும் கிரெடிட்டை விட்டுக்கொடுக்கவில்லை பாருங்கள்!

துண்டு போட்டால் பக்கம் சீக்கிரம் வரும் என்று ஒரு சாஸ்திரம் இருந்தது. உண்மையில் நாற்பது துண்டுக்கு பிரவுசர் சர்வரிடம் நாற்பது தடவை கையேந்த வேண்டும். டயல்-அப் மோடம் கத்திக்கொண்டே ஒவ்வொன்றாக இறக்கும், அதுவும் வரிசைப்படி இல்லாமல். முதலாளி தன் போட்டோவை முகப்பில் போடச் சொல்லியிருந்தால், முதலில் இடது காது வரும், அப்புறம் சட்டைப் பாக்கெட், அப்புறம் முன்வழுக்கை. மூக்கு வருவதற்குள் லைன் கட்.

எல்லாம் வந்து சேர்ந்தாலும் சந்து பிரச்னை. டேபிள் கோடிங்கில் படத்துக்கும் கட்டத்தை மூடுகிற டேகுக்கும் நடுவே தெரியாத்தனமாக ஒரு என்டர் தட்டியிருந்தால் போச்சு, பிரவுசர் அதை மதித்து ஒரு வெள்ளைக் கோட்டை நடுவில் விடும். முதலாளியின் தலைக்கும் கழுத்துக்கும் இடையே வெளிச்சம். எக்ஸ்ப்ளோரரில் சரி பண்ணினால் நெட்ஸ்கேப்பில் பிளக்கும். கடைசியில் ‘800 x 600-ல் பார்க்க உகந்தது’ என்று கீழே ஒரு வரி எழுதிவிட்டுப் படுக்கப் போவார்கள். தியேட்டர்காரர், மூணாவது வரிசையில் கழுத்தைச் சாய்த்து உட்கார்ந்தால் மட்டும் படம் நன்றாக இருக்கும் என்று போர்டு வைப்பதுண்டா?

இதையெல்லாம் நம் ஊர் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் எப்போதோ தீர்த்துவிட்டார்கள். பெரிய சினிமா போஸ்டர் பல ஷீட்டாகத்தான் வரும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, தெருவிளக்கு இல்லாத சுவரில், மைதாப் பசை வாளியும் ஏணியுமாக நின்று ஹீரோவின் மீசையை மீசையோடு பொருத்துவார்கள். அன்டூ பட்டன் கிடையாது. தப்பாகப் போனால் ரசிகர் மன்றம் வரும். நெட்ஸ்கேப்பின் சாபத்தைவிட அது கொஞ்சம் உக்கிரமானது.

சேலத்தைப் பொறுத்தவரை இந்த வெட்டி ஒட்டும் வேலை அதற்கும் பழைய கதை. ஏற்காடு ரோட்டு மாடர்ன் தியேட்டர்ஸில் டி.ஆர். சுந்தரம் 1940-ல் ‘உத்தமபுத்திரன்’ எடுத்தார், பி.யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். இரட்டை வேடத்துக்கு அந்தக் காலத்து வழி, லென்ஸில் பாதியை மறைத்து ஒரு தடவை எடுத்து, ஃபிலிமைப் பின்னால் சுற்றி, மறுபாதியை மறைத்து இன்னொரு தடவை எடுப்பது. நடிகர் உணர்ச்சிவசப்பட்டு நடுக்கோட்டைத் தாண்டிக் கையை நீட்டினால் கை காணாமல் போகும். ஒரு மனுஷன் தன் அண்ணனாகவும் தம்பியாகவும் ஒழுங்காக எல்லைக்குள் நின்றிருக்கிறார். டேபிள் கட்டத்துக்குள் ஒரு லோகோவை நிற்கவைக்க முடியவில்லை என்று கலிஃபோர்னியாவில் அழுதார்கள்!

அழுத குழந்தைகளுக்குக் கத்தி விற்க கம்பெனிகள் வந்தன. 1998 வாக்கில் அடோபி இமேஜ்ரெடி, மேக்ரோமீடியா ஃபயர்வொர்க்ஸ். கோடு போட்டால் போதும், அதுவே வெட்டி, அதுவே டேபிள் கோடிங்கையும் எழுதிக் கொடுக்கும். விலை டாலரில். நம் பக்கத்து டிடிபி சென்டரிலும் கம்ப்யூட்டர் கிளாஸிலும் அந்த விலையை யாராவது விசாரித்தார்களா? எதற்கு விசாரிக்க வேண்டும்? போட்டோஷாப் என்றால் மார்க்கர் பேனாவில் பேர் எழுதின ஒரு சிடி. அவ்வளவுதான். நிஜமாகவே இலவசமான சாஃப்ட்வேர் வந்தபோது நம் ஊரில் அது ஜெயிக்காததற்கு ரகசியக் காரணம் இதுதான்: நம்மிடம் எல்லாமே ஏற்கெனவே இலவசமாக இருந்தது.

அந்த நிஜ இலவசத்தின் பேர் கிம்ப். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்று இரண்டு மாணவர்கள். கம்பைலர் பாடத்துக்கு ஒரு புராஜெக்ட் செய்தார்கள், அது விளங்கவில்லை. அந்தச் சாம்பலிலிருந்துதான் கிம்ப் பிறந்தது என்று அறிவிப்பிலேயே ஒப்புக்கொண்டார்கள். ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ படத்தில் தலைமுதல் கால்வரை தோல் உறை மாட்டிக்கொண்டு வரும் ஒரு விசித்திரப் பிறவியின் பேரைத்தான் இதற்கு வைத்தார்கள். ஸ்கூலில் சொல்லிக்கொடுக்க மென்பொருள் வேண்டும், ஆனால் பேர் எப்படி வந்தது என்று பசங்கள் கேட்டால் டீச்சர் ஒன்றுக்குப் போகலாம் என்று மணி அடிக்க வேண்டியதுதான். 1997 வாக்கில் இருவரும் படிப்பு முடிந்து வேலைக்குப் போய்விட்டார்கள். குழந்தையை வேறு ஆட்கள் வளர்த்தார்கள். பிற்பாடு இருவரும் கம்பெனி ஆரம்பித்து அதற்குக் கரப்பான்பூச்சியின் பேரை வைத்தார்கள். காக்ரோச் லேப்ஸ்! பேர் வைக்கும் விழாவுக்கு இவர்களைக் கூப்பிடவே கூடாது.

கிம்பில் படம் வெட்டும் கருவிக்கு வைத்த பேர் கில்லட்டின். இதில் ஒரு சோகம் இருக்கிறது. டாக்டர் கில்லட்டின் மரண தண்டனையே கூடாது என்று நினைத்த மனுஷர். கொல்லத்தான் வேண்டுமென்றால் வலிக்காமல், ஏழை பணக்காரன் பேதமில்லாமல் செய்யுங்கள் என்று 1789-ல் பேசினார். கருவியை வடிவமைத்தவர் வேறு டாக்டர். செய்துகொடுத்தவர் ஹார்ப்சிகார்ட் என்னும் இசைக்கருவி செய்கிறவர். பேர் மட்டும் இவருக்கு. பேரை மாற்றுங்கள் என்று குடும்பத்தார் கெஞ்சியும் பிரெஞ்சு அரசாங்கம் கேட்கவில்லை என்பார்கள். கிம்ப் கேட்டது. இப்போது அந்த மெனுவில் ‘ஸ்லைஸ் யூசிங் கைட்ஸ்’ என்று சாதுவாக இருக்கிறது. இருநூறு வருஷம் தாமதம், பரவாயில்லை.

ரூலரிலிருந்து கோடுகளை இழுத்துவிட்டு அதை அமுக்கினால் படம் துண்டுதுண்டாக விழும். ஆனால் விழுந்த தலைகளை அடுக்கித் தராது. அதற்காக சேத் பர்ஜஸ் என்பவர் பெர்ல் மொழியில் ‘பெர்லோடின்’ எழுதினார். அது டேபிள் கோடிங்கையும் கொடுத்தது. பிறகு மணீஷ் சிங் பைதானில் ஒரு ஸ்லைஸ் கருவி எழுதினார். ஒருவருக்கும் காசு கிடையாது. இரண்டு பேருக்கும் சேர்த்து உலகம் கொடுத்த சம்பளம், ஏன் இன்னும் போட்டோஷாப் மாதிரி இல்லை என்ற கேள்வி.

கத்தி இலவசம், சரி. வெட்டின துண்டை ஜிஃபாகச் சேமிக்கப் போனால் அங்கே யூனிசிஸ் கம்பெனி நின்றது. ஜிஃபுக்குள் இருக்கும் சுருக்கும் முறைக்கு பேட்டன்ட் எங்களுடையது என்றார்கள். டெபியன் லினக்ஸ்காரர்கள் கிம்பை ஒரு பொட்டலத்திலும், அதன் ஜிஃப் பகுதியைத் தீட்டு மாதிரி இன்னொரு பொட்டலத்திலும் வைத்தார்கள். 1999 நவம்பரில் வேறு சிலர் ஜிஃப்களை எரிப்போம் என்று ஒரு போராட்ட நாளே அறிவித்தார்கள். ஃபைலை எப்படி எரிப்பது என்று கேட்காதீர்கள். 2003 ஜூனில் அமெரிக்காவில் பேட்டன்ட் தானாகவே காலாவதியாகிவிட்டது.

நமக்கு மட்டும் இந்தப் படப் பைத்தியத்துக்கு நியாயமான காரணம் ஒன்று இருந்தது. எழுத்தே கிடையாது! அன்றைக்குத் தமிழ்ப் பக்கம் படிக்க அந்தந்தத் தளத்தின் ஃபான்டை இறக்கிப் போட வேண்டும். போடாவிட்டால் திருக்குறள் கெட்ட வார்த்தையை மறைத்து எழுதின மாதிரி தெரியும். டிஸ்கி, அது, இது என்று ஆளுக்கொரு குறியேற்றம். அதை ஒழுங்குபடுத்த சென்னையில் 1999-ல் மாநாடு போட்டு, டாம், டாப் என்று கூட இரண்டு தரங்களோடு வெளியே வந்தார்கள். ஆகவே தலைப்பு, மெனு எல்லாவற்றையும் படமாக்கித் துண்டு போட்டு வைப்பதே உத்தமம். இரண்டாயிரம் வருஷ மொழி, ‘முகப்பு’ என்று ஒரு வார்த்தை சொல்ல ஜிஃபாக மாறவேண்டியிருந்தது.

அதிலும் ஒரு விபரீதம். 1995 ஆகஸ்ட் 15-ல் விஎஸ்என்எல் இணையத்தைத் திறந்துவிட்டபோது மாணவர்களுக்கென்று மலிவாகக் கொடுத்தது ஷெல் கணக்கு. வெறும் எழுத்து மட்டும் வரும். சீகலின் சீடர்கள் இழைத்து இழைத்துச் செய்த பக்கத்தை அதில் திறந்தால், இமேஜ் இமேஜ் இமேஜ் என்று நாற்பது தடவை வரும். கிட்டத்தட்ட ஸ்ரீராமஜெயம்.

பிறகு விண்டோஸ் 2000-ல் யுனிகோடு தமிழ் வந்தது, டேபிள் இல்லாமலே பக்கத்தை அடுக்கும் சிஎஸ்எஸ் பரவியது, டேபிள் செத்தது. இமேஜ்ரெடியை அடோபியே 2007-ல் கைவிட்டது. தமிழ்நாடு அரசு 2011-ல் மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது அதில் விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸ் லினக்ஸும் அதற்குள் கிம்பும் இருந்தன. ஆக, கத்தி வீடு தேடி வந்தபோது வெட்ட ஒன்றும் இல்லை. பசங்கள் விண்டோஸ் பக்கம் போய் விஜய் படம் பார்த்தார்கள்.

செத்தது திரும்ப எழுந்தது இன்ஸ்டாகிராமில். ஒரு கல்யாணப் போட்டோவை மூணுக்கு மூணு, ஒன்பது துண்டாக வெட்டி புரொஃபைலில் ஒட்டினால் பிரம்மாண்டமாகத் தெரியும் என்று யாரோ கண்டுபிடிக்க, நாமக்கல், ராசிபுரம், ஆத்தூர் எங்கும் ஸ்டூடியோக்காரர்கள் கோடு இழுக்க ஆரம்பித்தார்கள். கிம்பின் அதே கில்லட்டின் இதற்குக் கச்சிதம். கடைசித் துண்டை முதலில் ஏற்ற வேண்டும் என்பதால், ஃபாலோ பண்ணுகிறவர்களுக்கு முதலில் மாப்பிள்ளையின் செருப்பு தரிசனம். 2025 ஜனவரியில் இன்ஸ்டாகிராம் முன்னறிவிப்பே இல்லாத குறையாக, சதுரக் கட்டங்களை நெட்டுக் கட்டங்களாக மாற்றியது. ஒவ்வொரு சதுரத் துண்டுக்கும் இரண்டு ஓரமும் போச்சு. நடுக் கட்டத்தில் தாலி இருக்கிறது, கட்டுகிற கை மணிக்கட்டோடு நிற்கிறது. யாருடைய கை என்பதைப் பெண்வீட்டார்தான் சொல்ல வேண்டும்.